சோள வடையில் உப்பு

மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா காலையிலேயே ரவையை வறுக்கத் தொடங்கிவிட்டாள். கேசரி, காப்பி, அவ்வளவுதான் என்பது அவளுடைய ஏற்பாடு. நான் சோள வடையும் செய்யப்போகிறேன் என்றதும் கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? மாமா சொன்னது காதுல விழலையா?"

விழுந்திருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி கோவிந்தசாமி. அப்பா போன பிறகு எங்கள் இருவருக்கும் ஆண் துணை அவர்தான். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம் துறைமுகத்தில் மண்டோர். அவருக்குக் கீழே நிறைய ஆட்கள் வேலை செய்தார்கள். மாமாவுக்கும் அவரிடம் கொஞ்சம் பயம் இருந்தது. முதல் நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய பழக்கவழக்கங்களை மாமா விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சு முடியாத வீட்டில் வேலாயுதம் உப்பு சேர்ந்த எதையும் வாயில் வைக்கமாட்டார். இனிப்பு சாப்பிடுவார், காப்பி குடிப்பார். வடையோ பஜ்ஜியோ வைத்தால் தட்டை ஓரமாக நகர்த்திவிடுவார். உப்பு உள்ளே போய்விட்டால் கை நனைத்ததாக ஆகிவிடும். கை நனைத்த வீட்டில் பெண் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அதனால்தான் இதுவரை போன வீடுகளில் எல்லாம் கேசரியும் லட்டும் சாப்பிட்டுவிட்டு, டாக்சியில் ஏறியதும் "ஊஹூம்" என்று சொல்ல அவரால் முடிந்தது.

"இன்னொண்ணு அக்கா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கிளம்பிடுவாரு. ராகு காலத்துல வாசப்படி தாண்டமாட்டாரு, ஒரு நல்ல வார்த்தையும் பேசமாட்டாரு" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "பையன் ஆபீஸ்ல எழுதற கிராணி வேலை பாக்கிறான். வாயே தொறக்கமாட்டானாம் லா. நீயும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேந்து வீட்டை லைப்ரரி ஆக்கிடுவீங்க" என்று சிரித்தார்.

எதைச் சொல்கிறோம் என்று மாமாவுக்கே தெரியாது.

ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் அந்தச் சிவப்புச் செங்கல் நூலகம் திறந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல்களில் நான் அங்கே இருப்பேன். தமிழ்ப் புத்தகங்கள் இருந்த அலமாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான மேசை. அதன் ஒரு முனையில் நான், மறுமுனையில் பெயர் தெரியாத ஒருவர். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் படித்து முடித்த புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்காமல், மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போவார். முதலில் மறதி என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் அதை எடுத்துப் படித்தேன். அடுத்த வாரம் நான் முடித்த புத்தகத்தை அதே இடத்தில் வைத்தேன். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவர் அதைக் கையில் வைத்திருப்பார்.

புத்தகங்களைத் தவிர அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவருக்குச் சோளம் பிடிக்கும். நூலகத்துக்கு வெளியே மரத்தடியில் அவித்த ஜாகுங் விற்கும் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு கதிர் வாங்கி, அங்கேயே நின்று சாப்பிடுவார். ஒரு வரிசையை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்த வரிசைக்குப் போவார். படிப்பதும் அப்படித்தான், தின்பதும் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டிய பஸ்களை விட்டிருக்கிறேன்.

மாமா கொண்டுவந்த புகைப்படத்தில் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. அழகப்பன் என்ற பெயரையே அன்றுதான் கேட்டேன். எங்கள் வீட்டை எப்படியோ கண்டுபிடித்து, அவரே தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆக, அவர் என்னைப் பார்த்திருக்கிறார். நானும் அவரைப் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். வேலாயுதம் டாக்சியில் ஏறி "ஊஹூம்" என்று சொன்னாலும், அதற்கு முன்னால் அது மட்டுமாவது அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது நான் என்ன பேச முடியும்? தட்டில் சோளம் இருந்தால் அவருக்குப் புரியும். சாப்பிட வேண்டாம். பார்த்தால் போதும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல முடியாது. "சும்மா செய்யத் தோணுது" என்றேன்.

"தொடாம திரும்பி வர்ற தட்டைப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல சரசு" என்றாள் அம்மா. முந்தைய வருஷம் ஒரு வீட்டார் வந்து போன பிறகு, ஆறிப்போன பஜ்ஜியை நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்து தின்ற மாலை அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் புறப்பட்டேன்.

அன்றைக்கு என்று பார்த்து சோளம் எல்லாம் முற்றிப்போயிருந்தது. தோலை விலக்கி மணியில் நகத்தை அழுத்தினால் நகம்தான் வலித்தது. கடை கடையாகப் பார்த்துவிட்டு வெங்காயமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் மட்டும் வாங்கிக்கொண்டு ஓவன் ரோட்டுக்குத் திரும்பினேன். வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே?" என்று திரும்பி நடந்தவர், சற்று நேரத்தில் பளபளவென்று ஒரு டின்னோடு வந்தார். அதன் மேல் பெரிய மஞ்சள் கதிர் ஒன்றின் படம். "பாத்துக்க. ஸ்வீட் கார்ன்! அமெரிக்காவிலேருந்து வருது. கப்பல் கேப்டனுங்க சாப்பிடற சாமான். ஜாகுங்னு சொல்லிடாதே, அதுக்குக் கோவம் வந்துடும்."

அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், அன்று முழுவதும் அதை விடமாட்டார். "ஸ்வீட் கார்ன், ஸ்வீட் கார்ன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிகளைத் துடைக்கப் போனார்.

டின் திறக்கும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ருக்கையா அக்கா வந்துவிட்டாள். அவளிடம் மட்டும் நூலகத்து விஷயம் முழுவதையும் சொல்லியிருந்தேன். அவள் கணவர் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தார். கடையில் பேசிப் பேசி அலுத்து வரும் மனிதர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்பதால், பேச ஆள் தேடி அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் பேசமாட்டேன், கேட்பேன். அவளுக்கு அதுவே பிடித்திருந்தது.

"டின்னா?" என்று எட்டிப் பார்த்தாள். "அடி புள்ளே, இது குளத்துல விழுந்த சோளம்டி. வடிச்சுப் பிழியாம மாவைப் போட்டேன்னா வடை வராது, கஞ்சிதான் வரும்."

வடித்தேன். ஆனால் பிழியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவசரம். மணிகளில் பாதியை உரலில் ஒன்றிரண்டாக இடித்தேன். பாதியை முழுசாக விட்டேன். மணி மணியாகத் தெரிந்தால்தானே அவர் கண்ணில் படும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய இஞ்சி, நசுக்கிய சோம்பு, கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை, உப்பு. கடலை மாவு தூவிப் பிசைந்தபோது கையில் நன்றாகத்தான் இருந்தது. எண்ணெயில் போட்டதும் முதல் வடை மெல்லப் புன்னகைப்பது போல விரிந்தது. பிறகு சோளம் ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம், கறிவேப்பிலை ஒரு பக்கம் என்று சொத்துப் பிரித்துக்கொண்டு போய்விட்டது.

"நான் சொன்னனா இல்லியா?" என்றாள் ருக்கையா அக்கா, மிகுந்த மகிழ்ச்சியோடு.

அரிசி மாவை அள்ளிப் போட்டு மறுபடி பிசைந்தேன். இந்த முறை வடை பிரியவில்லை. அதற்குப் பதிலாக வெடித்தது. முழுசாக விட்ட மணிகளில் ஒன்று எண்ணெய்க்குள் பட்டென்று தெறித்து, மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. ருக்கையா அக்கா "யா அல்லா!" என்று முறத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அடுத்தது ஜன்னல் பக்கம் போயிற்று. அடுத்தது முறத்தில் பட்டு டப்பென்று விழுந்தது.

"இது வடை இல்லடி, யுத்தம்! ஜப்பான்காரன் காலத்துலகூட நான் இப்படி ஒளிஞ்சதில்ல."

நான் சிரித்தேன். அடக்க முயன்றால் இன்னும் அதிகமாக வந்தது. நான் அப்படிச் சிரித்துப் பார்த்திராத அக்கா, முறத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்துகொண்டாள். மாவில் முழுசாக இருந்த மணிகளை எல்லாம் லேசாக ஒரு தட்டுத் தட்டித் தோலைக் கீறி விட்டேன். தீயைக் குறைத்தேன். மாவை உருண்டையாகப் போடாமல் உள்ளங்கையில் தட்டி மெல்லியதாக விட்டேன். சத்தம் அடங்கியது. பொன் நிறத்தில், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மஞ்சள் மணிகள் எட்டிப் பார்க்க, ஒவ்வொன்றாக மேலே வந்தன. சோம்பும் இஞ்சியும் வெந்த வாசனையில், சோளத்தின் இனிப்பு வாசனை தனியாகத் தெரிந்தது.

திட்டுவதற்காக உள்ளே வந்த அம்மா, உடைந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். திட்டவில்லை. முழு வடை ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குச் சரியான மழை பிடித்தது. மூன்றரை ஆயிற்று. அம்மா கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்கு மணி நெருங்கும்போது மாடிப்படியில் குடையை உதறும் சத்தம் கேட்டது. முதலில் ஏறி வந்தவர் வேலாயுதம். தடித்த மீசை, நனைந்த வேட்டி, படகிலிருந்து இறங்குகிறவர் போன்ற நடை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி மங்களம், சிறிய உருவம், சுற்றிலும் எல்லாவற்றையும் பார்த்துவிடும் கண்கள். கடைசியில் அவர். தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கேசரி கொண்டுபோய் வைத்தாள். நான் காப்பி கொண்டுபோனேன். வணக்கம் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். வேலாயுதம் என்னிடம் எதுவரை படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். மங்களம் அம்மாள் பாடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், வடைத் தட்டை எடுத்து வந்து, அழகப்பனுக்கு நேரே வைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். மணிகளைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நீளமான மேசையின் இரு முனைகளில் இல்லாமல், இவ்வளவு பக்கத்தில் அவர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. புரிந்துவிட்டது. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் போதவில்லை. அடுத்த நொடியே, இவரை எப்படி டாக்சியில் ஏற விடுவது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது.

"இது என்ன, அதிரசமா?" என்று வேலாயுதம் எட்டிப் பார்த்தார்.

மாமாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "அதிரசமா? என்னாண்ணே நீங்க! ஸ்வீட் கார்ன்! ஸ்வீட் கார்ன்ல செஞ்சது!"

"ஓ, ஸ்வீட்டா" என்றார் வேலாயுதம். மழையில் நனைந்து வந்தவருக்குப் பசி போலிருக்கிறது. ஒரு வடையை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

அம்மாவின் கை மார்புக்குப் போயிற்று. மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. வேலாயுதம் ஒரு முறை மென்றார். இரண்டாம் முறை மெல்லும்போது தாடை நின்றுவிட்டது. புருவம் மெதுவாக மேலே ஏறியது. துப்ப முடியாது, பெண் வீடு. விழுங்கவும் முடியாது, உப்பு. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்க, அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே கால். எத்தனையோ மௌனங்களை நான் ரசித்திருக்கிறேன். இதுபோல ஒன்றைக் கண்டதில்லை.

கடைசியில் தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"உப்பு இருக்கே" என்றார், மிக மெதுவாக.

"இருக்கும்ல அண்ணே" என்றார் மாமா. "வடையில உப்பு இல்லாம எப்படி?"

"ஸ்வீட்டுன்னு சொன்னே!"

"பேருதான் ஸ்வீட்டு. சாமான் காரம். ஸ்வீட் கார்ன்னா ஜாகுங் லா!"

"அப்ப ஜாகுங்னு சொல்ல வேண்டியதுதானே! நான் என்ன வெள்ளைக்காரனா?" வேலாயுதம் எழுந்து நின்றுவிட்டார். "இது தந்திரம். என் பழக்கம் தெரிஞ்சுக்கிட்டு, இனிப்புன்னு சொல்லி உப்பை உள்ள தள்ளி, கை நனைச்சாச்சுன்னு கணக்குக் காட்டப் பாக்கறீங்க."

"ஐயோ, சத்தியமா அப்படி இல்லைங்க" என்றாள் அம்மா.

மாமா பயந்தால் பேச்சு அதிகமாகிவிடும். அவர் டின்னை எடுத்து வந்து படத்தைக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். கப்பல் கேப்டன்களைச் சாட்சிக்கு அழைத்தார். "ஆனா அண்ணே, எப்படிப் பாத்தாலும் உப்பு உள்ள போயிடுச்சுல்ல?" என்று வேறு சொல்லிவைத்தார். வேலாயுதத்தின் மீசை துடித்தது. "மங்களம், எழுந்திரு. டேய், வாடா" என்று வாசலுக்குப் போய், ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார்.

மங்களம் அம்மாள் எழுந்திருக்கவில்லை. "மணியப் பாருங்க" என்றார்.

நாலரை தாண்டி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"ராகு காலம் வந்துடுச்சு. வாசப்படி தாண்டப் போறீங்களா?"

வேலாயுதம் ஒரு காலில் செருப்போடு நின்றார். வெளியே மழை. உள்ளே நாங்கள். ஒரு பெருமூச்சு விட்டு, செருப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து, அதே நாற்காலியில் எங்களுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். ஆறு மணி வரை அவரால் போக முடியாது. எங்களாலும் அவரை அனுப்ப முடியாது. சமையலறைத் திரைக்குப் பின்னால் ருக்கையா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது, திரை ஆடுவதில் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மணிக்கு அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த மேசையின் மறுமுனை காலியாக இருக்கும். அழகப்பன் தலை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசமாட்டார். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பேசமாட்டேன். எங்களைப் போன்றவர்களுக்காக யாராவது பேசிவிடுவார்கள் என்றுதான் இருவரும் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தோம். இப்போது பேசக்கூடியவர்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள்.

நான் எழுந்தேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"மாமா தப்பாச் சொல்லிட்டாரு. நீங்க தெரியாம சாப்பிட்டது சேராதுங்க" என்றேன் வேலாயுதத்திடம். "அதை வச்சு உங்களை யாரும் பிடிக்கமாட்டோம். வேணாம்னா வேணாந்தான்."

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அழகப்பனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இது சோள வடை. டின் சோளம், மார்க்கெட்டுல நல்ல சோளம் கிடைக்கல. இஞ்சி, பச்சை மிளகா, சோம்பு போட்டிருக்கு. உப்பும் போட்டிருக்கு. தெரிஞ்சு சாப்பிடுறதா இருந்தா சாப்பிடுங்க."

அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி ஒரு வடையை எடுத்தார்.

"டேய்!" வேலாயுதம் நாற்காலியில் துள்ளினார். "ராகு காலம்டா! ராகு காலத்துல கை நனைக்காதடா!"

அழகப்பன் கடித்துவிட்டார். அவசரமில்லாமல் மென்றார். விழுங்கினார். பிறகு, இத்தனை மாதங்களில் முதல் முறையாக, என்னிடம் பேசினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. மங்களம் அம்மாள்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல மொத வார்த்தையே கொறையா? அப்பனுக்குப் புள்ளை தப்பாது."

"என்ன கம்மி?" என்று வேலாயுதம் பாய்ந்தார். "எனக்குச் சரியாத்தானே இருந்துச்சு! இதுக்கு மேல உப்பைப் போட்டா சோளத்தோட ருசி என்னாவறது?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அது இருக்கட்டும்" என்றார் மங்களம் அம்மாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார். "உங்க மகன் தெரிஞ்சே கை நனைச்சிட்டான். இனி அவன் மாறமாட்டான், எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரப்போற பொண்ணு கையால தின்ன மொத உப்பு ராகு காலத்துல ஆயிடுச்சே. இதுக்கு என்ன பரிகாரமோ?"

வேலாயுதத்தின் முகம் மாறியது. கோபம் எங்கோ போய்விட்டது. இப்போது அது உண்மையான கலக்கம். மகனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். விரல்களை மடக்கி ஏதோ யோசித்தார். பிறகு மாமாவைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"இந்தாப்பா, கோவிந்தசாமி. நான் சாப்பிட்டேனே, அப்ப மணி என்ன?"

"நாலே கால் அண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"நீங்க மெல்றதை நிறுத்தினப்ப நான் கடிகாரத்தைத்தான் பாத்தேன். உங்க மொகத்தைப் பாக்க தைரியம் இல்ல."

"நாலே கால்னா ராகு காலத்துக்கு முந்தி."

"நல்லாவே முந்தி."

"அப்பச் சரி." வேலாயுதம் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "இந்த வீட்டு மொத உப்பு நான் தின்னது. நல்ல நேரத்துல தின்னது. அதுதான் கணக்கு. இவன் தின்னது ரெண்டாவது, அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அதெப்படி?" என்றார் மங்களம் அம்மாள். விடுவதாக இல்லை. "தெரியாம சாப்பிட்டது சேராதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சே."

"எனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னது?" வேலாயுதம் சுற்றிலும் எங்களை முறைத்தார். "வாயில போட்டப்பதான் தெரியாது. மெல்லும்போது தெரிஞ்சுடுச்சு. துப்பினேனா? இல்லியே. தெரிஞ்சுதான் முழுங்கினேன். பாத்தீங்கல்ல எல்லாரும்?"

பார்த்தோம் என்றோம். எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. வேலாயுதம் அந்தப் பக்கம் திரும்பி, "அது யாரு?" என்றார். "சாட்சி!" என்றாள் ருக்கையா அக்கா.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மங்களம் அம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே தானும் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். மாமா ஏதோ தேதி என்று தொடங்கினார். வேலாயுதம் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "நல்ல பேச்செல்லாம் ஆறு மணிக்கு மேல. அதுவரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது." ஒரு கணம் யோசித்து, "திங்கறதுக்குத் தவிர" என்றார்.

தட்டு காலியானதே தெரியவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பை மறுபடி மூட்டினேன். பாத்திரத்தில் மீதியிருந்த மாவு நீர் விட்டுத் தளர்ந்திருந்தது. அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தேன். ருக்கையா அக்கா முறத்தைக் கையில் எடுத்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, அதை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்து அடுப்பின் தீயைச் சாய்த்தது.

முதல் ஈடு வெந்து மேலே வந்தபோது திரை விலகியது. காலித் தட்டோடு அழகப்பன் நின்றிருந்தார். கொடுத்தனுப்பினார்களா, தானாக வந்தாரா, அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. எண்ணெய் வடிய வடிய ஒவ்வொரு வடையாக எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன்.

"சுடும்" என்றேன்.

"சுடட்டும்" என்றார். தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.